பொட்டல்விளைப் பாறையின் குத்தகைக்காரி

ஆறுமுகத்தாய்க்கு ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டார் இதைக் குறையாகச் சொன்னார்கள். சோற்றுத் தட்டோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுகிற மருமகளை அவர்கள் பார்த்ததில்லை. களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் பிறந்தவள், ராதாபுரத்துக்குத் தெற்கே செம்மண்ணும் பனையுமாகக் காய்ந்து கிடந்த பொட்டல்விளைக்கு வந்தபோது, இங்கே செய்வதற்கு இருந்த ஒரே வேலை கல் உடைப்பதுதான். அந்த வேலைதான் அவள் உடம்புக்குப் பொருந்தியது. சம்மட்டியைத் தூக்கிவிட்டால் மனசு ஓடுவது நின்றுவிடும் என்று சொல்வாள்.

ஊருக்குக் கிழக்கே இருந்த வெள்ளைப்பாறை அரசுப் புறம்போக்கு. அந்தக் காலத்தில் அதை ஏலம் எடுக்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். எடுத்தவர் யாரானாலும் உடைத்தது பொட்டல்விளைப் பெண்கள்தான். பிறகு, கல் உடைக்கிறவர்களே சங்கம் வைத்துக் கேட்டால் ஏலமில்லாமல் அவர்களுக்கே குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று விதியில் இடமிருப்பதாகத் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் பாதி நம்பினார்கள், பாதி நம்பவில்லை. மனு கொடுக்க ஒருத்தி அலைய வேண்டுமே என்ற பேச்சு வந்தபோது மாரிக்கண்ணுதான் சொன்னாள்.

“ஏ மதினி, நீதான் எங்கனயும் நிக்க மாட்டேங்கியே. நீயே போயிட்டு வா.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே ஆறுமுகத்தாய் சங்கத்துத் தலைவி ஆனாள். மாரிக்கண்ணு அடுத்த வீட்டுக்காரி. இருவரும் ஒரே பாறையில் எதிரெதிரே உட்கார்ந்து உடைத்தவர்கள்.

மனு எத்தனையோ மேசைகளைத் தாண்டி வந்து ஒருநாள் உத்தரவானது. சார்பதிவாளர் அலுவலகத்தில் குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தபோது எழுத்தர் ஒவ்வொரு வரியாக வாசித்தார். வடக்கே இன்ன புலம், தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே ஓடை என்று பாறைக்கு நாலு பக்கமும் சொல்லிவிட்டு, நிபந்தனைகளுக்கு வந்தார். எடுக்கிற கல்லுக்கு அரசுக்கு உரிய தொகையைக் கட்ட வேண்டும். கல் ஏற்றிப் போக அரசு தரும் நடைச்சீட்டு இல்லாமல் ஒரு லோடும் வெளியே போகக் கூடாது. குத்தகையை வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. நடப்பது எல்லாவற்றுக்கும் குத்தகைதாரரே பொறுப்பு.

“புரிஞ்சுதாம்மா?” என்றார்.

“புரிஞ்சுது” என்றாள் ஆறுமுகத்தாய். அப்போது அவள் நினைவெல்லாம், இனி யாரும் தன்னைப் பாறையிலிருந்து இறங்கிப் போ என்று சொல்ல முடியாது என்பதில்தான் இருந்தது.

நல்ல வருடங்கள் அவை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குத்தகையைப் புதுப்பித்தார்கள். கணவன் சிவசைலம் கல்தூசி நெஞ்சில் கட்டி இறந்த பிறகும் அவள் பாறைக்குப் போவதை நிறுத்தவில்லை. மகன் இசக்கிராஜாவைப் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தாள். அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, இயந்திரத்தில்தான் ஆசை. பக்கத்திலேயே ஒரு பெரிய குவாரி வந்தபோது அங்கே பாறை தோண்டும் கிட்டாச்சி வண்டி ஓட்டப் போய்விட்டான்.

பிறகு விதிகள் மாறத் தொடங்கின. சிறிய பாறையானாலும் எப்படி வெட்டப் போகிறோம் என்று வல்லுநரைக் கொண்டு சுரங்கத் திட்டம் வரைந்து தர வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். சம்மட்டியும் உளியும் வைத்திருந்த பெண்களுக்கு இதை யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியவில்லை. பாறை ஒரு வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது. பாதிப் பேர் உவரிக்குக் கருவாடு காயப்போடும் கூலிக்குப் போனார்கள்.

அப்போதுதான் சுபின் வந்தான். பெரிய குவாரியின் மேலாளர். மார்த்தாண்டத்துக்காரன். சுத்தமான வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு.

“அக்கா, பேப்பர் வேலை எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். குத்தகை உங்க சங்கத்துப் பேருலயே இருக்கட்டும். கல்லை எங்க மெஷின் வச்சு எடுப்போம். நீங்க யாரும் வெயில்ல கிடக்க வேண்டாம். மாசாமாசம் பங்கு வீட்டுக்கு வரும்.”

“கைமாத்தக் கூடாதுன்னு பத்திரத்துல இருக்கே?”

“கைமாத்தலியே அக்கா. ஒத்தாசைதானே பண்ணுதோம்?”

பெண்கள் ஆறுமுகத்தாயின் முகத்தைப் பார்த்தார்கள். பலருக்கு முதுகு போயிருந்தது, சிலருக்குக் கண். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அனுமதிகள் வந்தன, சங்கத்துப் பேருக்கு வந்த நடைச்சீட்டுகளைச் சுபினே வைத்துக்கொண்டான். பங்கு ஒழுங்காக வந்தது. ஆனால் ஆறுமுகத்தாய்க்கு நாள் நகரவில்லை. வீட்டைக் கூட்டுவாள், கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுவாள். உள்ளங்கைக் காய்ப்பு உரிந்து மெத்தென்றாகி வந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. காரணமில்லாமல் பஸ் ஏறி வள்ளியூர் வரை போய்விட்டு வருவாள்.

அப்படி ஒருநாள் ராதாபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, சாலையில் ஜீப்பை நிறுத்தி அதிகாரிகள் கல் லாரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் நடைச்சீட்டை நீட்டினான். வாங்கியவர் சத்தமாகவே படித்தார்.

“பொட்டல்விளை மகளிர் கல் உடைப்போர் சங்கம். குத்தகைதாரர், தலைவி ஆறுமுகத்தாய். சரி, போ.”

தன் பெயரை நடுரோட்டில் கேட்டவளுக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. லாரி கிளம்பிப் புழுதி அடங்கியபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. முந்தின நாள் அவள் பாறைப் பக்கம் போயிருந்தாள். அங்கே யாரும் கல் எடுக்கவில்லை. அதற்கு முந்தின வாரமும் எடுக்கவில்லை. அவள் நிற்கும்போதே அடுத்த லாரியும் அதே பெயரைச் சொல்லிவிட்டுக் கடந்து போனது.

அன்று சாயங்காலம் மகன் கைகால் கழுவக்கூட விடாமல் கேட்டாள்.

“ஏலே, எங்க பாறையில ஒருத்தனும் கை வைக்கல. எங்க பேரைச் சொல்லிப் போற கல்லு யாரு கல்லுலே?”

இசக்கிராஜா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“எங்க குவாரிக் கல்லுதான். எங்க குத்தகை முடிஞ்சு போச்சு. புதுசு இன்னும் கெடைக்கல. அதுவரைக்கும் உங்க சீட்டுல ஓடுது.”

“குத்தகை முடிஞ்ச பொறவு எப்படிலே தோண்டுதீங்க?”

“உனக்குப் பங்கு வருதுல்லா? எனக்கும் சம்பளம் வருது. பைய இரேம்மா.”

அவளால் இருக்க முடியவில்லை. மாரிக்கண்ணுவிடம் சொன்னாள். “உனக்குச் சும்மா இருந்தா ஆகாது மதினி, அதான் இப்படித் தோணுது” என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள். சுபினிடம் கேட்டாள். அவன் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துப்போன சமயத்தில் அது நடந்தது.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ ஓடி வந்தார்கள். “ஏ யக்கா, உங்க குவாரியில பாறை சரிஞ்சு போச்சு! உம் மவன் வண்டி உள்ள மாட்டிக்கிட்டு!”

உங்க குவாரி என்றார்கள். அவள் வெள்ளைப்பாறைக்கு ஓடினாள். முள்ளும் கல்லும் பாராமல் ஓடி, பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றபோது அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. பாறையில் பெண்கள் வரிசையாக அடித்த உளிக்குழிகள் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் ஓணான் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. “ஏலே இசக்கி!” என்று கத்தினாள். பாறை அவள் குரலையே திருப்பிக் கொடுத்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மேற்கேயிருந்து ஆட்களின் கூச்சல் கேட்டது. பெரிய குவாரியை நோக்கி மறுபடி ஓடினாள்.

கிணறு போலச் செங்குத்தாக இறங்கியிருந்த பள்ளம் அது. படிப்படியாக வெட்டி இறங்க வேண்டியதை நேராக வெட்டி இறக்கியிருந்தார்கள். அடியில் கிட்டாச்சி சாய்ந்து கிடந்தது. அதன் கூண்டின் மேல் வீட்டளவு பாறை ஒன்று. உயிரோடிருக்கிறான் என்று யாரோ சொன்னது காதில் விழும்வரை அவள் தன் சேலையின் முந்தியைக் கடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானத்துக்கு மேல்தான் அவனை வெளியே எடுத்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். மயக்கம் தெளிந்து அவன் பேசத் தொடங்கி, போலீசும் வந்து எழுதிக்கொண்டு போன அன்றைக்குச் சுபின் பழங்களோடு வந்தான். ஆறுமுகத்தாயை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினான்.

“அக்கா, விபத்து சங்கத்துக் குவாரியில நடந்ததாத்தான் எழுதியிருக்கு. அங்கதான் குத்தகை உசுரோட இருக்கு பாத்துக்கிடுங்க. இசக்கியும் போலீஸ்ல அப்படித்தான் சொல்லியிருக்கான். குத்தகைதாரர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா எல்லாம் சுமுகமா முடிஞ்சிரும். அவன் வைத்தியம், பொறவு அவனுக்கு ஒரு வேலை, எல்லாம் எங்க பொறுப்பு.”

“போடலைன்னா?”

சுபின் வராந்தாவில் போகிறவர்களைப் பார்த்தான். “குத்தகை முடிஞ்ச இடத்துல அவன் என்ன பண்ணினான்னு கேப்பாங்க. எங்க ஆளே இல்லைன்னு முதலாளி சொல்லிட்டா, அப்புறம் நான் என்ன செய்ய முடியும்?”

உள்ளே போனாள். இசக்கிராஜா கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

“போட்டுக் குடுத்துரும்மா” என்றான்.

“நான் ஓடிப் போயி எங்க பாறையில உன்னத் தேடினேம்லே. நீ அங்கன இல்ல.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தாள். அங்கிருந்த நர்ஸ் உட்காரச் சொன்னாள். உட்காராமல் வாசலைத் தாண்டி வெளியே வந்து, நடந்தே கொக்கிரகுளத்துக்குப் போய்விட்டாள். அங்கே ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கனிமவளப் பிரிவு இருந்தது. முன்பு குத்தகைக்காக அலைந்த காலத்தில் பழகிய இடம். இப்போது அங்கே உதவி புவியியலாளராக இருந்தவள் கரோலின், பாளையங்கோட்டைக்காரி. சின்ன வயசு. ஆறுமுகத்தாய் நின்றபடியே சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள்.

“அம்மா, மறைக்காமச் சொல்லிருதேன்” என்றாள் கடைசியில். “நீங்க இதை எழுதிக் குடுத்தா அளக்க வருவோம். உங்க பாறையில எடுத்த கல்லு எவ்வளவு, உங்க சீட்டுல போன கல்லு எவ்வளவுன்னு பாப்போம். ரெண்டும் ஒத்துப்போகாது. அப்போ முதல் நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும். குத்தகையைக் கைமாத்தினது அடுத்த தப்பு. குத்தகையே ரத்தாயிரும்.”

“எழுதிக் குடுக்கலைன்னா?”

“விபத்து உங்க குவாரியில நடந்ததா ஆகும். அதுக்கும் நீங்கதான் பொறுப்பு.”

“எங்கன திரும்பினாலும் நாந்தானா?”

“குத்தகை உங்க பேர்ல இருக்கும்மா” என்றாள் கரோலின். சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆறுமுகத்தாய் வெளியே வந்து தாமிரபரணிப் பாலத்தின் மேல் ஏறினாள். ஆற்றில் தண்ணீர் குறைவாக ஓடியது. படித்துறையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. பாலத்தின் அந்தக் கோடி வரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியின் முகமும் வந்து போனது. மாசம் பிறந்தால் மாரிக்கண்ணு மருந்து வாங்குவது அந்தப் பங்கில்தான். கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை. ஆனால் போட்டுவிட்டால் அந்தப் பள்ளத்தில் நாளைக்கும் வேலை நடக்கும். இசக்கிராஜாவின் இடத்தில் இன்னொருவன் வண்டியில் உட்கார்ந்து இறங்குவான். அவன் மேல் பாறை விழுந்தால், அவனைப் பெற்றவளும் வெள்ளைப்பாறைக்குத்தான் ஓடி வந்து தேடுவாள். அங்கே அவனும் இருக்க மாட்டான்.

வேகமாகத் திரும்பி நடந்தாள். கரோலின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

“எழுதுங்க தாயி. நான் சொல்லுதேன்.”

அளக்க வந்த அன்று ஊரே கூடிவிட்டது. சின்ன விமானம் போல ஒன்று இரைந்துகொண்டு பாறைகளின் மேல் பறந்தது. இரண்டு குத்தகைக்கும் நடுவில் தொடாமல் விட வேண்டிய பாறைத் திட்டையும் பெரிய குவாரி தின்றிருந்தது தெரியவந்தது. அதற்குச் சீல் வைத்தார்கள். லாரிகள் நின்றன. அதோடு சங்கத்துப் பங்கும் நின்றது. கரோலின் சொன்னபடியே ஆறுமுகத்தாயின் பெயருக்கு அபராத நோட்டீஸ் வந்தது.

மாரிக்கண்ணு நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

“எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டியேடி! ஒன்னால சும்மா இருக்க முடியாதுன்னா நாங்க எல்லாரும் பட்டினி கிடக்கணுமா?”

ஆறுமுகத்தாய் வீட்டுக்குள் போய் விளக்குமாற்றை எடுத்தாள். அன்றிலிருந்து குழாயடியில் அவள் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்ட மகனும் அவளோடு பேசவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கட்டிலில் கிடப்பான். சுபின் இரண்டு முறை வந்து அவனோடு மட்டும் பேசிவிட்டுப் போனான். அந்த நாட்களில் அவள் பித்துப் பிடித்தவள் போல நடந்தாள். ராதாபுரம் வரை நடந்து போய், போனது எதற்கென்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

விசாரணைக்குத் தேதி வந்தது. “நீ வாரியாலே?” என்று மட்டும் கேட்டாள். இசக்கிராஜா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தனியாகக் கிளம்பினாள்.

விசாரணை அறையில் சுபின் வக்கீலோடு உட்கார்ந்திருந்தான். போலீசில் மகன் கொடுத்த வாக்குமூலத்தை வக்கீல் வாசித்தார். விபத்து சங்கத்துக் குவாரியில் நடந்தது என்று அதில் தெளிவாக இருந்தது. பெற்ற மகனே சொல்லியிருக்கிறான், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார். ஆறுமுகத்தாய் நாற்காலியை விட்டு எழுந்தாள். அதிகாரி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

“ஐயா, அவன் பயந்துட்டான். நான் ஓடிப் போயிப் பாத்தேன். எங்க பாறையில அவன் இல்ல.”

“பயந்தான்னு நீங்க சொல்றீங்க. அவர் சொல்லணுமேம்மா.”

வாசலில் ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. இசக்கிராஜா வேர்வையில் நனைந்து நின்றான். அந்தக் காலோடு எப்படிப் பஸ் ஏறினானோ தெரியவில்லை. யாரையும் பார்க்காமல் அதிகாரியின் மேசை வரை வந்தான்.

“ஐயா, நான் மொதல்ல சொன்னது பொய். எங்க அம்மா குவாரியில நான் ஒருநாளும் வண்டி இறக்கல. பெரிய குவாரியில, குத்தகை முடிஞ்ச பொறவு, அடிமட்டத்துல தோண்டும்போதுதான் விழுந்துச்சு.”

“இதை இப்போ ஏன் சொல்ற?”

அவன் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தான். “நேத்து அங்க புதுசா ஒரு பையனை வேலைக்கு எடுத்திருக்காவளாம். குவாரிக்கு வச்ச சீல் எடுத்ததும் அவன்தான் இறங்குவானாம். கேட்டதுலேர்ந்து எனக்குப் படுத்திருக்க முடியல.”

உத்தரவு வரச் சில மாதம் ஆனது. பெரிய குவாரிக்குத்தான் பெருந்தண்டம். இசக்கிராஜாவின் வைத்தியச் செலவையும் அவர்களே ஏற்க வேண்டும் என்றது உத்தரவு. சங்கத்தின் அபராதத்தைக் குறைத்திருந்தார்கள். ஆனால் கைமாற்றிய குற்றத்துக்காகக் குத்தகை ரத்து. இனிக் கேட்டாலும் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும், சங்கத்துக்கென்று தனியாகக் கொடுக்க இப்போது வழியில்லை என்றாள் கரோலின். ஆறுமுகத்தாய் அழவில்லை. பாறையைத் திருப்பி ஒப்படைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். பள்ளத்தைச் சுற்றி வேலி போட வேண்டும், எல்லைக்கற்கள் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள் கரோலின்.

மறுநாளே கம்பும் உடைமரத்து முள்ளுமாக வேலி போடத் தொடங்கிவிட்டாள். ஒருத்தியால் ஆகிற வேலையில்லை. இசக்கிராஜா ஒரு கல்லில் உட்கார்ந்து கம்பி முறுக்கிக் கொடுத்தான். பேச்சு குறைவுதான், ஆனால் இருந்தது. களக்காட்டில் தாய்மாமன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டப் போகலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். போ என்றாள்.

கிழக்குப் பக்கம் வேலி திரும்பும்போது மாரிக்கண்ணு ஒரு கட்டு முள்ளைத் தலையில் சுமந்து வந்து போட்டாள். ஆறுமுகத்தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

“கம்பை இன்னும் ஆழமா நடு. ஆடு முட்டினா சாஞ்சிரும்” என்றாள்.

“நீ அந்தப் பக்கம் பிடி.”

அவ்வளவுதான் பேசினார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. கடைசிவரை வரவேயில்லை.

வேலி முடிந்ததும் கிராம நிர்வாக அலுவலர் வந்து சுற்றிப் பார்த்தார். எல்லைக்கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பாறையை அரசு எடுத்துக்கொண்டதாக எழுதி வாங்கினார். புறப்படும்போது ஆறுமுகத்தாய் அவரோடு வண்டிப்பாதை வரை நடந்தாள்.

“ஏலம் எப்ப வரும் சார்?”

“தெரியாதும்மா. வரும்போது வரும். நீங்க ஏன் அதையெல்லாம் கேக்கிய? இனிமே உங்க பொறுப்பு இல்லியே.”

“வந்தா ஒரு வார்த்த சொல்லிவிடுங்க. யாரு எடுத்தாலும் நான் அப்பப்ப வந்து எட்டிப் பாப்பேன்” என்றாள் அவள்.